ஏழாம் மெஷினின் நீளம்

தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடியபடி பஞ்சுத் தூசியை ஊதித் தள்ளும் காற்றூதி, அவளைக் கடந்து மெஷினின் மறுமுனைக்குப் போனது. திரும்பி வரவில்லை.

மற்ற மெஷின்களில் அது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை போய்வந்துகொண்டுதான் இருந்தது. ஏழாம் மெஷினில் மட்டும் அதன் இரைச்சல், அடுத்த ஊருக்குப் புறப்பட்ட வண்டியின் சத்தம்போலத் தேய்ந்து, மங்கி, அடங்கிப்போனது. காலை ஷிஃப்ட், மணி பத்துதான் ஆகியிருந்தது. ஆனால் ஜன்னலே இல்லாத அந்த நூற்புக் கூடத்தில் எந்நேரமும் ஒரே குழல்விளக்கு வெளிச்சம். சூடான எண்ணெயும் ஈரப் பஞ்சும் கலந்த வாடை. நூல் சுற்றும் ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுழன்று பல்லுக்குள் இறங்கும் ரீங்காரம்.

மில்லில் அவளுக்கு வாயாடி என்று பெயர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எந்த வேலையையும் வாங்கிக்கொள்ள மாட்டாள். ஏழாம் மெஷினை மட்டும் அவளாகவே கேட்டு வாங்கியிருந்தாள். ஆறு மாதத்துக்கு முன்புவரை இதை ஓட்டியவள் அவளுடைய அண்ணி. ஒருநாள் வேலைக்கு வந்தவள் வீடு திரும்பவில்லை. சொல்லாமல் நின்றுவிட்டார் என்று ஆபீசில் எழுதி மூடிவிட்டார்கள். யாரோடோ போய்விட்டாள் என்று அண்ணன் நம்பினான். அவள் துணிகளை மூட்டை கட்டிப் பரண்மேல் எறிந்தான். வாயாடி நம்பவில்லை. அண்ணியின் செருப்பு மில் வாசலின் செருப்புத் தட்டிலேயே கிடந்தது. வெறுங்காலோடு யார் ஓடிப்போவார்கள்?

அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே மெஷினின் ஒரு பக்கத்தை நடந்து முடிக்க அறுபது தப்படி போதும். இன்று முதல் சுற்றில் எழுபத்து மூன்று ஆனது. அடுத்த சுற்றில் எண்பத்தெட்டு.

மேற்பார்வைக்கு வந்த மேஸ்திரியின் காதோரம் போய்க் கத்தினாள். "இந்த மெஷினை நீட்டியிருக்கீங்களா?"

"நீட்டுறதுக்கு அது என்ன ரப்பரா? காலடியை எண்ணுறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"சம்பளம் இழை ஒட்டுறதுக்கு. எண்ணுறது ஓசியில."

மேஸ்திரி சிரிக்கவில்லை. மெஷினின் மறுமுனையை ஒரு கணம் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாதி வரைக்கும் போயிட்டுத் திரும்பிடும்மா. கடைசி வரைக்கும் போகாதே."

"எங்க அண்ணிகிட்டயும் இதைச் சொன்னீங்களா?"

அவர் வந்ததைவிட வேகமாகப் போய்விட்டார்.

அப்படியானால் தெரியும். இவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குக் கோபம் வந்தது. தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

நூறு. நூற்று ஐம்பது. இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாள். பக்கத்து மெஷின்களின் சத்தம் பின்னால் தங்கிவிட்டது. குழல்விளக்குகள் மஞ்சளித்தன, இடைவெளி விட்டன. தரையில் கணுக்கால் அளவு பஞ்சு, யாரும் கூட்டாத பஞ்சு, அதில் வெறுங்கால் தடங்கள். நிறையத் தடங்கள். எல்லாம் உள்ளே போகிறவை. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

முன்னால் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள்.

இடது தோளைத் தூக்கி வைத்த அந்த நடை. அண்ணியேதான். கை நீண்டது, இழையை ஒட்டியது, மறுபடி நீண்டது. வாயாடி ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள்.

முகம் திரும்பியது. இமையில் பஞ்சு. உதட்டில் பஞ்சு. மூக்குத் துவாரங்களில் பஞ்சு. கண்கள் மட்டும் ஈரமாக இருந்தன.

"அண்ணி. ஷிஃப்ட் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் ஒரே ஒரு சுத்து." அண்ணியின் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. "முடிச்சிட்டு வந்துடுறேன். நீ முன்னாடி போ."

கை மறுபடி நீண்டது. அப்போதுதான் பார்த்தாள். விரல்கள் தேய்ந்திருந்தன. முதல் கணுவுக்கு மேல் எதுவும் இல்லை. அந்த மழுங்கிய நுனிகளால் இழையை உருட்டி உருட்டி ஒட்டினாள்.

வாயாடி மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

கதிர்கள் நின்றன. ஆயிரமும். அமைதி.

அமைதி இல்லை. காலடிகள். முன்னால், இருட்டுக்குள், பஞ்சின்மேல் நடக்கும் காலடிகள். பத்து பேர். நூறு பேர். அதற்கும் மேல். மெஷின் நின்றது யாருக்கும் தெரியவில்லை.

"நான் சுத்துறதுக்கு வரல," என்றாள் மெஷினைப் பார்த்து. "எங்க வீட்டு ஆளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

அண்ணியின் மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துத் திருப்பினாள். வாசல் எங்கோ தொலைவில், ஊசிக்காது அளவு வெளிச்சமாகத் தெரிந்தது. தெரிந்தவரை போதும். இழுத்துக்கொண்டு நடந்தாள்.

யாரும் தொடாமலே மெஷின் ஓடத் தொடங்கியது. இருபுறமும் இழைகள் அறுந்தன. ஒன்று. பத்து. வரிசையாக எல்லாமே. அண்ணி முனகினாள், பின்னுக்கு இழுத்தாள். வாயாடி பிடியை விடவில்லை. அறுந்த எதையும் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள். ஒளிப்புள்ளியை மட்டும் பார்த்தாள். அது பெரிதாகவில்லை. சிறிதாகவும் இல்லை. நடந்தாள்.

அவளுடைய வலது கை மட்டும், அவளைக் கேட்காமலே பக்கவாட்டில் நீண்டு, ஒவ்வொரு இழையாக ஒட்டிக்கொண்டே வந்தது.