டிரோன் ஏறி இறங்கிய இடம்

அந்த மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் மரம் கிடையாது. அஸ்வினிக்கு அது நன்றாகத் தெரியும்; காலையில் அதன் நாலு வரப்பையும் சுற்றி வந்தவள் அவள்தான். ஆனால் டிரோனிலிருந்து கழற்றிய மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, முதல் ஃப்ளைட்டின் டேட்டாவை ஆப்பில் ஏற்றியதும் திரையில் விரிந்த உயரக் கோடு, நேராகப் போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் மட்டும் குபுக்கென்று ஏறி இறங்கியிருந்தது.

மருந்து அடிக்கும் டிரோன் பயிருக்கு மேலே ஒரே உயரத்தில்தான் பறக்கும். கீழே மரமோ கம்பமோ வந்தால் ரேடார் பார்த்துச் சொல்ல, தானாக ஏறும், தாண்டியதும் இறங்கும். அப்படியென்றால் காட்டுக்குள் சோளத்தைவிட உயரமாக ஏதோ நின்றிருக்கிறது. தூசியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேரையூர்ப் பக்கத்துப் புழுதிக்கு ரேடார் என்ன, யார் கண்ணும் தப்பாது.

திருநகரில் அந்த மாடி அறைதான் வீடு, அதுவே ஆபீஸ். வெயில் தாழ்ந்தும் சுவர் சூடு அடங்கவில்லை. தலைக்கு மேலே மொட்டைமாடியில் அவள் புருஷன் ராஜபாண்டி டிரோனின் டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான்; கழுவிய தண்ணீர் குழாய் வழியே களகளவென்று இறங்கும் சத்தமும், அவன் செருப்பைத் தேய்த்து நடக்கும் சத்தமும், தெருவில் பால்காரர் அடிக்கும் ஹாரனும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. டிரோனைப் பறக்கவிடுவது அவள். மருந்து கலக்குவதும் லோடு ஆட்டோ ஓட்டுவதும் அவன். அன்றைய டேட்டாவை அன்றே ஏற்றாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இதற்காகவே அவளை மேனேஜர் என்று கேலி செய்வான்.

இரண்டாவது ஃப்ளைட்டை ஏற்றினாள். அதிலும் மேடு இருந்தது. ஆனால் அதே இடத்தில் இல்லை. மேப்பில் வைத்துப் பார்த்தால் சில வரிசை தள்ளி, காட்டின் ஓரத்தை நோக்கி வந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் கிட்டே. அந்தக் காட்டின் கடைசி ஃப்ளைட்டில் வரப்புக்கே வந்துவிட்டது. ரிமோட்டோடு அவள் நின்றிருந்த வரப்பு.

காலையில் நடந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

ஆள் உயரம் வளர்ந்த காட்டில் மருந்து அடிக்கும் முன் நாலு மூலையிலும் நின்று குரல் கொடுப்பது அவள் வழக்கம். உள்ளே மாட்டுக்குச் சோளத்தட்டை ஒடிப்பவர்கள் இருக்கலாம், நிழலுக்குப் படுத்தவர்கள் இருக்கலாம். வேறொரு ஊரில் இப்படித் தெரியாமல் ஒரு பெண் மேல் மருந்தைக் கொட்டி, அவள் முகம் வீங்கியதைப் பார்த்ததிலிருந்து அஸ்வினி இதை விட்டதில்லை. காட்டுக்காரர் சின்னான் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தபடி, "வடமூலையில மட்டும் குரல் குடுக்காத தாயி. மத்த மூணுல எம்புட்டு வேணும்னாலும் கத்து" என்றார். ஏன் என்று கேட்டதற்கு எச்சிலைத் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. வேண்டுமென்றே வடமூலைக்குப் போனாள். மற்ற மூலைகளைவிட உரக்கக் கத்தினாள்.

"உள்ள இருக்கவுக வெளிய வந்துருங்க."

காற்றே இல்லை. இருந்தும் காட்டின் நடுவிலிருந்து அவளை நோக்கி ஒரே நேராகச் சோளத்தோகை சரசரத்து, பாதியில் நின்றது. பன்றி என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது மதியத்து டேட்டா மிச்சம் இருந்தது. அது வேறு ஊர், பருத்திக் காடு. முழங்கால் உயரச் செடி, வெட்டவெளி. அங்கே ஒரு கோழி நின்றால்கூடக் கண்ணுக்குத் தெரியும். ஏற்றினாள். கோடு நேராகப் போனது. மூச்சு விட்டாள். காட்டை முடித்துத் திரும்பிவந்து இறங்கப்போகும் இடத்தில் கோடு ஏறியது.

லோடு ஆட்டோ நின்ற இடம். டிரம்முக்குள் குனிந்து ராஜபாண்டி மருந்து கலக்கிய இடம். அவனுக்கு நேர் பின்னால்.

அவள் அப்போது அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லை.

சின்னானுக்குப் போன் போட்டாள். நடந்ததை முழுதாகச் சொல்ல அவர் விடவில்லை.

"கூப்புட்டியா?"

"தெரியாமக் கூப்புட்டேன்ணே. அது என்னது?"

மறுமுனையில் அவர் சிரித்தார்.

"அதான் இன்னைக்கி மாடுக மெரளாம மேயுதுக. எங்கய்யா காலத்துலருந்து நாங்க பட்டது போதும் தாயி. இனிமே இந்தப் பக்கம் வராதீக. வந்தா வரப்புலயே கால வெட்டிப்புடுவேன்."

போனை வைத்துவிட்டார். திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை.

அறைக்குள் பச்சைச் சோளத்தட்டையைக் கசக்கிய வாடை அடித்தது. அன்று அவர்கள் ஒரு தட்டையைக்கூட ஒடிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. மேலே ஏறிப் போயிருந்த வாடை.

மொட்டைமாடியில் டிரோன் கிளம்பும் சத்தம் கேட்டது. கழுவியபின் நல்ல தண்ணீர் ஊற்றி நாசிலைச் சோதிக்கிறான். தினமும் செய்வதுதான். சத்தம் தலைக்கு மேலே நின்றது. பிறகு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது.

ஜன்னலில் தலையை நீட்டி அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். கீழே வாங்க மாமா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காலையில் ஒருமுறை கூப்பிட்டதற்கு யார் வந்தது?

வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். படியில் ஈரம். கால் வழுக்கியது. கைப்பிடிச் சுவரில் மோதி எழுந்தாள். கதவு திறந்தே கிடந்தது.

ராஜபாண்டி ரிமோட்டும் கையுமாக மொட்டைமாடி நடுவில் நின்றான். வெக்கைக்கு இதமாக டிரோனைத் தன் தலைக்கு நேரே நிறுத்தி, அதன் சாரலில் நனைவது அவனுக்குப் பிடிக்கும். தண்ணீர் சுற்றிலும் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது.

"ஏ அஸ்வினி, இதப் பாரேன். நான் எறக்குறேன், அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போகுது."

தரை நனைந்திருந்தது. துணிக்கொடி நனைந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி நனைந்திருந்தது.

அவன் நனையவில்லை.

சாரல் அவன் தலைக்கு மேலே வெகு உயரத்திலேயே எதன்மேலோ பட்டுச் சிதறியது. அங்கிருந்து இறங்கியது. வெறும் காற்றில், குனிந்த ஒரு முதுகின் மேல் வழிந்து இறங்கியது.

"என்னமோ மூச்சு முட்டுற மாரி இருக்கு புள்ள" என்றான். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தண்ணீர் இரண்டு நீளக் கோடுகளாகப் பிரிந்தது. அவன் தோள்களைத் தாண்டி முன்னால் வந்தது. நெஞ்சுக்கு நேரே விரல் விரலாக ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது.