ஏழாவது நொடியில் சக்கரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு கண்கள் மீதும் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

செவ்வாயின் நான்காம் சுரங்க நகரில் காற்று ஆய்வாளராக இருந்த தமயந்தி, தினமும் காலை ஆறு மணிக்குச் சீருடையோடு இடுப்பை வளைத்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் அன்றைய காற்றழுத்தத்தை அறிவிப்பாள். பணி விதியிலேயே அப்படித்தான் இருந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்புக்காரர்கள் போய்க் குடியேறிய ஊர் அது. பதினோராயிரம் பேர். ஒவ்வொருவர் கண்ணிலும் பிறந்த மூன்றாம் மாதமே ஒரு கண்வில்லை பொருத்திவிடுவார்கள். அதில் ஒன்பது நொடி நீளமுள்ள நொடிப்படங்கள் ஓயாமல் ஓடும். பிடிக்கவில்லையா, இமையை ஒரு தட்டுத் தட்டினால் அடுத்தது. யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் இயந்திரத்துக்குப் பரிமாறி என்று பெயர். ஒரு தடவை பாயசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் இலை நிறைந்து வழிந்தாலும் பாயசத்தையே ஊற்றிக்கொண்டு நிற்குமே சில கைகள், அந்த ரகம். முன்பு ஓர் அபாயச் சங்கும் இருந்தது. படம் எடுக்கும்போது இடைஞ்சலாக ஊதுகிறது என்று மனுக் கொடுத்து அதைக் கழற்றியாயிற்று.

தமயந்தியைத் தொடர்ந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பக்கத்து அறைச் சென்னியப்பனை ஒன்பதாயிரம் பேர் தொடர்ந்தார்கள். அவன் சொந்தமாக ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஊரார் படத்தைச் சுட்டு, வெட்டி, தன் பெயரில் போடுவான். அவன் மீது அவள் மூன்று முறை புகார் கொடுத்திருந்தாள்.

“ஏனுங்கக்கா, உங்க படத்த நான் எடுத்துப் போட்டாத்தான் நாலு பேரு பாக்கறாங்க. அதுக்குப் போயிக் கம்ப்ளைண்ட்டுங்களா?” என்று அவன் வருத்தப்பட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஊரின் பெரிய காற்றுக்குழாயில் விரிசல் விட்டது. அழுத்தமானியின் முள் நூற்றிலிருந்து தொண்ணூற்றைந்துக்கு இறங்கியது. அறுபதைத் தொட்டால் ஊர் மூர்ச்சையாகிவிடும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு காற்றுச்சக்கரம் உண்டு. எப்போதும் பாதி திறந்தபடி இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கும் காற்று அரை நாள் தாங்கும், அதற்குள் குழாயை அடைத்துவிடலாம். இடப்பக்கம் திருப்பினால் வீட்டுக் காற்றும் விரிசல் வழியே போய்விடும். சக்கரத்தின் மேலேயே உள்ளங்கை அகலத்தில் அம்புக்குறி உண்டு. ஆனால் சக்கரத்தைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பும் வழக்கம் அந்த ஊரில் ஒழிந்து இருபது வருடமாகிறது. எதையும் படத்தைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

அவள் மேலதிகாரி அவினாசியப்பரை அழைத்தாள். “சார், பெரிய குழாய் விட்டுப்போச்சுங்க. அரை மணி நேரந்தான் இருக்குது. வீடு வீடா ஆள் அனுப்புங்க சார்.”

“ஆளுக்கு எங்கம்மா போறது? அத்தன பேரும் படத்துல இருக்கறாங்க. நீயும் ஒண்ணு போட்டுரு. கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடு.”

போட்டாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, கைக்கருவியின் முன்பக்கக் கேமராவைப் பார்த்துச் சிரித்து, கும்பிட்டு, பெயரும் பதவியும் சொல்லி, விரிசலைச் சொல்லி, ஏழாவது நொடியில் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிக் காட்டினாள். முள் எண்பத்திரண்டு.

பிறகுதான் படத்தைப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலிருந்த அறை எண் தலைகீழாக அல்ல, இடம் வலமாகத் திரும்பியிருந்தது. முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி; வலத்தை இடமாகக் காட்டும். படத்தில் அவள் சிரித்த முகத்தோடு சக்கரத்தைத் திறந்துகொண்டிருந்தாள்.

நீக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘அரசுப் படங்களை நீக்க மூன்று வேலைநாள் ஆகும்’ என்றது பரிமாறி. கூடவே ஒரு தகவலும் தந்தது. அவளுடைய படத்தைப் போன்ற ஒரு படம் சென்னியப்பன் பக்கத்தில் ஆறாயிரம் பேரைத் தாண்டிவிட்டதாம்.

முள் எழுபத்தொன்று. ஓடிப்போய் அவன் கதவை இரு கையாலும் இடித்தாள்.

“டேய் சென்னியப்பா! அந்தப் படத்த எடுறா! ஊரையே கொல்லப் பாக்கறியா?”

கதவு திறந்தது. “கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க பேச்சு ஆறு நொடியையும் வெட்டிட்டனுங்க. சக்கரத்த மொதல்ல வெச்சு, ‘இப்படிச் சுத்துற வீட்டுக்கு மூணு நாள்ல அதிர்ஷ்டம்’னு எழுதிப் போட்டேன். பிச்சுக்கிட்டுப் போகுது பாருங்க, ஒம்பதாயிரம்!”

“எந்தப் பக்கம்டா சுத்தறேன் அதுல?”

அவன் தலையைச் சொறிந்தான். “அதுங்களா... அப்படியே போட்டா பரிமாறியோட நகல்பிடிப்பான் திருட்டுப் படம்னு புடிச்சுக்குமுங்க. அதனால இடது வலதைத் திருப்பிப் போட்டனுங்க. எப்பவும் அப்படித்தானுங்களே?”

தமயந்தி அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுவரிலிருந்த முள் அறுபத்தொன்றில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. சுரங்கம் நெடுகப் மூவாயிரத்துச் சொச்சம் வீட்டுச் சக்கரங்கள் அதிர்ஷ்டத்துக்காக வலப்பக்கம் திரும்பி முடிந்திருந்தன.

பிற்பாடு விசாரணை நடந்தது. அவளைத் தொடர்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றுப் பத்துப் பேர் மூன்றாவது நொடியிலேயே இமையைத் தட்டிவிட்டிருந்தார்கள். முழுதும் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் அவினாசியப்பர், விருப்பம் போட்டுவிட்டுப் போய்விட்டார். மற்றவர் அவளுடைய அம்மா. சக்கரத்தை அவர் கவனிக்கவே இல்லை, மகள் இளைத்துவிட்டாள் என்பதைத்தான் கவனித்தார்.

சென்னியப்பனுக்கு ஊர் கூடி மாலை போட்டது. தமயந்திக்குத் தவறான தகவல் பரப்பியதற்காக விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இனி நகரக் காற்று வாரியத்தின் எச்சரிக்கைகள் எல்லாம் முறைப்படி ஒருமுறை திருடப்பட்ட பிறகே வெளியாகும் என்று விதி திருத்தப்பட்டது.

இந்தச் சம்பவம் முழுவதும் ஒன்பது நொடிப்படம் ஒன்றில் இருக்கிறது. அதில் முதல் மூன்று நொடியை நான் பார்த்தேன்.