மன்றாட்டுமாலை முடியும்வரை

திருச்சி மாநகர வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி யாதெனில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் பங்குப் பேரவைத் துணைத்தலைவருமான செபஸ்தியான் அவர்கள், தவக்காலத்தின் கடைசி வெள்ளி மாலை, பாவசங்கீர்த்தனம் செய்யத் திருவுளம் கொண்டார்.

முழுத்தாளில் மார்ஜின் போட்டு, எண் கொடுத்து, பதினோரு பாவங்களை எழுதியிருந்தார். பால்காரரைத் திட்டியது, பூசையில் கொட்டாவி விட்டது. எல்லாமே நாலு பேர் முன்னால் சொல்லத்தக்க, கௌரவமான பாவங்கள்.

"லின்சிய எழுதுனீங்களா?" என்று கிளம்பும்போது கேட்டாள் மனைவி அமலராணி.

"ஜெபம் பண்ணுனது எப்படி பாவமாகும்?"

"அத சாமிகிட்ட கேளுங்க." இரண்டு வருடமாக அவள் அவரிடம் பேசுவது இவ்வளவு நீளம்தான்.

கோயிலுக்கு வெளியே, மாதா கெபிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பிரிட்டோ சாமியார் முகத்துக்கு நேராகவே பாவம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்க்காமல் எதையும் பேசிப் பழக்கமில்லாத செபஸ்தியான், கோயிலுக்குள் வடக்கு மூலையிலிருந்த பழைய பாவசங்கீர்த்தனப் பெட்டியின் முன், ஒருமுறை வாசித்துப் பார்க்க முழந்தாளிட்டார். இப்போது யாரும் உட்காராத பெட்டி. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைப் போட்டு அதைப் பூட்டிவைக்கத் தீர்மானம் நிறைவேற்றியவரே அவர்தான். பாவம் சொல்லும் சின்ன ஜன்னலை ஆணியடித்து மூடியிருந்தார்கள்.

அது ஒரு விரற்கடை திறந்திருந்தது.

எலி, என்று நினைத்துக்கொண்டார்.

சிலுவைப்பாதைக்கு வந்த கூட்டத்தின் பேச்சொலி வாசலைத் தாண்டித் தேய்ந்து போக, அணைந்த மெழுகுவத்திகளின் புகை நெடிக்கும் உளுத்த மரத்தின் வாடைக்கும் அடியிலிருந்து, வெள்ளம் வடிந்த ஆற்று மணலின் ஈர வாசம் ஒன்று மெல்ல மெல்ல ஏறி வந்து அவர் மூக்கருகே நின்றது.

"ஒன்று. பால்காரரைத் திட்டினேன்," என்று வாசித்தார்.

உள்ளிருந்து மிக மெல்லிய குரல்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே குரல்தான். வீட்டில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தபோது, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் லின்சி, மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டினாள். எழப்போன அமலராணியை "முடியட்டும்" என்று கையால் அமர்த்தினார் செபஸ்தியான். ஜெபமாலை முடிந்தது. அன்றைக்கு மட்டும் சகல புனிதர்களின் மன்றாட்டுமாலையையும் சேர்த்துக்கொண்டார். அவர் ஒவ்வொரு புனிதரின் பெயரையும் சொல்லச் சொல்ல, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து அவளும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். பாதியில் குரல் நின்றது. மீதிப் புனிதர்களையும் அவர் விடவில்லை. மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கு அப்பால், கொள்ளிடத்தில் கிடைத்தாள்.

"இரண்டு..." என்று தொடங்கினார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இப்போது ஜன்னலுக்கு வெகு அருகில்.

முழங்காலில் ஈரம். குனிந்து பார்த்தார். பெட்டிக் கதவின் அடியிலிருந்து தண்ணீர். தாள் அதில் நழுவி விழுந்தது. மை கரைந்தது. பதினோரு பாவமும் போயிற்று.

"சார், வரிசை முடிஞ்சிருச்சு," வெளியிலிருந்து பிரிட்டோ சாமியார். "உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன். வாங்க."



"கதவத் திறக்கல," என்றார் ஜன்னலைப் பார்த்து. தாளில் இல்லாத பன்னிரண்டாவது. "வேணும்னேதான் திறக்கலம்மா. நிக்கட்டும்னு நெனச்சேன். நீ போயிருவேன்னு நெனக்கல."

தலைமையாசிரியர் விம்மி விம்மி அழுதார். மன்னிப்பு வருமென்று காத்திருந்தார்.

உள்ளே மூன்று தட்டு.

"அப்பா... ஜெபம் முடிஞ்சிருச்சா?"

ஜன்னல் இடுக்கில் ஒரு விரல் வந்தது. ஊறி, வெளுத்து. இன்னொன்று. நகக்கண்ணில் மணல்.

மறுபடி மூன்று தட்டு.

செபஸ்தியான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். உரக்க ஆரம்பித்தார்.

"புனித மிக்கேலே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித சூசையப்பரே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பெட்டிச் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.