கழிப்பறைக்குப் பின்னால் அடகாமைட்

செவ்வாயின் செங்குழிச் சுரங்கத்தில் பொழுது கழிப்பறை வரிசையில்தான் விடியும். நாற்பது பேருக்கு மேல் இருக்கிற தளத்துக்கு ஒரே கழிப்பறை. கால் மாற்றி மாற்றி நிற்கும்போது கூரையிலிருந்து தளக்குரல் அன்றைய இருப்பை வாசிக்கும்: "துளைப்பான் ஒன்பது. லாரி நாலு. பனிக்கட்டி முப்பது டன். பிறவி வளம் நாற்பத்தொன்று."

பிறவி வளம் என்பது வரிசையில் நின்றவர்கள். செவ்வாயில் பிறந்தவர்கள், பனிக்கட்டியைப் போல, தளத்தின் இயற்கை வளம். சட்டம் அப்படி. தாது தீர்ந்து தளத்தை மூடினால் மனிதர்களுக்குப் பூமிக்குக் கப்பல் உண்டு. வளத்தை லாரியில் ஏற்றி அடுத்த குழிக்கு அனுப்புவார்கள். அடுத்த குழி துருவத்தில் இருந்தது. செங்குழியில் செம்பு தீர்ந்துவிட்டது.

தளத்தை மூட வந்த கனிம அலுவலர் விகிர்தன் பூமிக்காரர். மறுநாள் அவருக்குக் கப்பல். அவசரத்துக்குக் கழிப்பறைப் பக்கம் வந்தவர், சுவருக்குப் பின்னால் பச்சையாக ஏதோ மின்னுவதைப் பார்த்து வந்த வேலையை மறந்தார். கனிமமானியை அதன்மேல் வைத்தார்.

"செம்பு உண்டு," என்றது மானி. "மூன்று அச்சுகள். நீளம் வெவ்வேறு, ஒன்றுக்கொன்று செங்குத்து. செஞ்சாய்சதுரப் படிகம். கரும்பச்சை, கண்ணாடி மினுக்கம், ஊசி வடிவம். அடகாமைட்."

விகிர்தன் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். கல் படித்தவர்களுக்கு அது பழக்கம்.

"லேசா உப்புக் கரிக்குது," என்றார், வரிசையில் முதலில் நின்ற குழாய் பிட்டர் சொர்ணக்கிளியிடம். "இந்தத் தாதோட தடம் எங்கம்மா போகுது?"

"அந்தக் கதவுக்குள்ள போகுது. தட்டிட்டுப் போங்க சார், ஆள் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. சொர்ணக்கிளி ஸ்பேனரால் பச்சையைத் தட்டினாள். ஊசிகள் உதிர்ந்த இடத்தில் செம்புக் குழாய் தெரிந்தது.

"கழிவுக் குழாய் சார். மூட்டு கசியுது. எங்கப்பா காலத்துலேருந்து வாஷர் கேட்டுப் பாத்தாச்சு. செம்பு குழாயோடது. உப்பு எங்களோடது."

விகிர்தன் துப்பினார். கொஞ்சம் நின்று மறுபடி துப்பினார்.

"இது கனிமமே இல்ல. மனுஷன் பண்ணினது."

மானி விடவில்லை. "தோற்றம் இயற்கையா, மனிதச் செயலா? பதில் வரும்வரை மூடல் ஆணை செல்லாது."

"பாத்து அமுக்குங்க," என்றாள் சொர்ணக்கிளி. "இங்க மனுஷன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்க இன்னும் உள்ளயே போகல."

"அப்ப இயற்கைன்னு போட்டுட்டுப் போறேன்."

"போடுங்க. இயற்கைத் தாது கெடைச்சா தளத்தை மூட முடியாது. தடம் முடியற எடம் தெரியற வரைக்கும் கண்டுபிடிச்சவரும் நகர முடியாது. உங்க சட்டந்தான் சார். பாய் போடச் சொல்லவா?"

"வரிசையில கடைசி எடம் அவருக்கு," என்றார் பின்னால் நின்ற கிழவர் தனுஷ்கோடி. வரிசை சிரித்தது.

விகிர்தன் வரிசையின் நீளத்தைப் பார்த்தார். கப்பலை நினைத்தார். 'மனிதச் செயல்' என்பதை அமுக்கினார்.

"செய்த மனிதர்களின் பெயர்களைச் சொல்லவும்," என்றது மானி.

வரிசையில் சிரிப்பு நின்றது. சொர்ணக்கிளி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, தன் பெயரை மெதுவாகச் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கைக்குழந்தைகளின் பெயர்களை அம்மாக்கள் சொன்னார்கள், அவர்களும் பங்களித்தவர்கள்தான்.

"என் பேரை ரெண்டு தடவ போடுங்க," என்றார் தனுஷ்கோடி. "எனக்குச் சர்க்கரை."

மறுநாள் காலை தளக்குரல் வாசித்தது: "துளைப்பான் ஒன்பது. லாரி நாலு. பனிக்கட்டி முப்பது டன்." சற்றே தடுமாறியது. "மனிதர் நாற்பத்தொருவர்."

கழிப்பறைக்குள் விகிர்தன் இருந்தார். தனுஷ்கோடி போய்க் கதவைத் தட்டினார்.

"சீக்கிரம் வாங்க சார். வெளிய மனுஷங்க நிக்கறோம்."