ரோலின் டாக்கெட்டின் சட்டைத்துண்டு

நோரீன் டாக்கெட்டின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. ஒஹையோ ஆற்றோரத்தில், நிலக்கரி ரயில் போகும் பாதைக்குப் பின்னால், சாயம் உரிந்த பழைய மரவீடு அது. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் வாசல்படியில் கால் வைத்ததும் புதிதாகக் கிளறிய ஈரமண் வாடை அடித்தது. பக்கத்தில் யாராவது தோட்டம் கொத்துகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். நவம்பரில் எந்தப் பைத்தியக்காரன் தோட்டம் கொத்துவான்?

என் பெயர் லைல் ப்ரூயிட். பேஸ்பால் அட்டைகளை அறுத்துப் பார்ப்பது என் வேலை. ஆட்டக்காரனின் படத்துக்குக் கீழே சின்ன ஜன்னல் வெட்டி, அதற்குள் கட்டைவிரல் நகமளவு துணியை ஒட்டி, "ஆட்டத்தில் அணிந்த சட்டை" என்று விற்கிறார்களே, அந்த அட்டைகளை. ஆரம்பத்தில் பின்பக்கம் எழுதியிருந்தார்கள்: இந்த ஆட்டக்காரர், இந்த நாள், இந்த மைதானம் என்று. அப்புறம் நாள் போயிற்று. மைதானம் போயிற்று. இப்போது பொடி எழுத்தில், "இத்துணி குறிப்பிட்ட எந்த ஆட்டக்காரருக்கும் ஆட்டத்துக்கும் உரியதல்ல" என்று போடுகிறார்கள். அதையும் படித்துவிட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுகிறான் நம் ஆள். இவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேமராவுக்கு முன்னால் வைத்து அறுத்து, அந்த வீடியோவை இணையத்தில் போடுவேன். ஒருமுறைகூடத் துவைக்காத துணி, வியர்வையே படாத துணி, கடையில் சுருளாக விற்கும் துணி, எல்லாவற்றையும் காட்டி, "போலி" என்று சொல்லுவேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்குள் ஒரு இனிப்பு ஊறும். அதை மறைக்க மாட்டேன்.

நோரீனுக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். தேவாலயத்துக்குப் போன உடுப்பை இன்னும் மாற்றவில்லை. அட்டையை ஒரு சமையலறைத் துணியில் சுற்றி, சாப்பாட்டு மேசைமேல் வைத்திருந்தாள். கையால் தொடவில்லை, துணியின் நுனியைப் பிடித்து என் பக்கம் இழுத்துவிட்டாள்.

"சர்ச்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி வாங்கிக் குடுத்தா, மிஸ்டர் ப்ரூயிட். நான் சந்தோஷப்படுவேன்னு நெனச்சிட்டா, பாவம்."

படத்தில் இருந்தவன் அவள் கணவன் ரோலின். கேட்சர், அதாவது மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவன். ஒன்பது வருஷம் சின்னச் சின்ன ஊர் அணிகளில் முட்டி தேய ஆடினான். ஒரு செப்டம்பரில் பெரிய அணி கூப்பிட்டது. ஒரே ஒரு ஆட்டம். அந்த வாரக் கடைசியில் நெடுஞ்சாலையில் லாரியில் மோதிச் செத்தான். அணிக்காரர்கள் அந்தச் சட்டையை நோரீனிடம் கொடுத்தார்கள். அதைப் போட்டுத்தான் அவனைப் புதைத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

"ஒரே சட்டை. அது அவன் உடம்புல இருக்கு. அப்ப இது என்ன?" என்று அட்டையைப் பார்த்துக் கேட்டாள். "போலின்னு நீங்க சொல்லிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன். இல்லேன்னா நாளைக்கே போய் குழியத் தோண்டிப் பாக்கணும்னு எழுதிக் குடுக்கப்போறேன். அவன உரிச்சுப் போட்டுட்டாங்களான்னு தெரியாம என்னால சோறு திங்க முடியல."

"போலிதான் இருக்கும். நூத்துக்கு நூறு," என்றேன். பார்ப்பதற்கு முன்பே சொன்னேன். அவ்வளவு திமிர் எனக்கு.

அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். பெரிய உருவம். ரோலினின் அண்ணன் ஹோபர்ட். கணப்பு எரிகிற அறையில் நாங்கள் முழுக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, அவன் தடித்த வேட்டைக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். கழற்றவே இல்லை.

"யார்றா இவன்? அந்த வீடியோக்காரனா?"

"ஹோபர்ட், நான்தான் வரச் சொன்னேன்," என்றாள் நோரீன்.

"செத்தவன் பேர வெச்சு இவன் நாலு பேர் கைதட்டு வாங்கணுமா? டேய், கெளம்பு. கத்திய எடுத்துட்டுக் கெளம்பு."

"கேமரா கொண்டு வரலை," என்றேன். "ஆமா, உங்களுக்கு என்ன இவ்வளவு எரியுது?"

"அது போலி. போலின்னு நானே அவகிட்ட பத்து தடவ சொல்லிட்டேன். இப்பவும் சொல்றேன், போ..."

அந்த வார்த்தை முடிவதற்குள் அவன் முகம் கோணிற்று. கோட்டுக்கு மேலே விலாவைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான். நோரீன் தண்ணீர் எடுக்க எழுந்தாள். வேண்டாம் என்று கையாட்டினான்.

நான் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அறுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்தச் சட்டையில் வேறு யாருக்கும் தெரியாத அடையாளம் ஏதாவது உண்டா?

நோரீன் யோசிக்கவே இல்லை. "தோள் கொஞ்சம் பெருசு. ஆட்டத்துக்குப் போற அன்னைக்குக் காலைல, ஓட்டல் ரூம்ல இருந்த தையல் பெட்டிய எடுத்து, உள்பக்கமா நாலு தையல் போட்டேன். பச்சை நூல்தான் கெடச்சுது. வெளிய தெரியாது. அவனுக்கே தெரியாது."

"சரி. பச்சை நூல் இருக்காது. நீங்களே பாருங்க."

"என்னால பாக்க முடியாது," என்று அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அட்டையின் ஓரத்தில் கத்தியை வைத்தேன். இரண்டு காகிதம் ஒட்டியிருக்கும் இடத்தில் நுனியை நுழைத்து மெல்ல நகர்த்த வேண்டும். எத்தனையோ முறை செய்த வேலை.

மண்வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது.

எனக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முழங்கால் மூட்டு சொடுக்கும் சத்தம். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. தேய்ந்த முட்டியோடு ஒருவன் சிரமப்பட்டுக் குந்தி உட்கார்ந்தால் அப்படித்தான் கேட்கும்.

ஹோபர்ட் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். ஹோபர்ட் எனக்கு எதிரே சுவரோரம் நின்றிருந்தான். அவன் பார்வை என்மேல் இல்லை. என் நாற்காலிக்குப் பின்னால், தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் மட்டை பிடித்தவன்தான். பின்னால் கேட்சர் குந்தியிருந்தால், அவன் மூச்சு இடுப்பில் படுவது தெரியும். இப்போதும் பட்டது. ஆனால் அந்த மூச்சில் சூடு இல்லை.

அட்டை இரண்டாகப் பிரிந்தது.

துணித்துண்டைக் கத்தி நுனியால் புரட்டிப் போட்டேன்.

பச்சை நூல்.

நாலு தையல். அவசரத்தில், கோணல்மாணலாகப் போட்டது. நூலைச் சுற்றி வியர்வை காய்ந்து மஞ்சளாகியிருந்தது. இத்தனை வருஷமாக நான் அறுத்ததில் உண்மையான துண்டு இது ஒன்றுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடிப்போய்விடலாமா என்று பார்த்தேன். அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

ஹோபர்ட் மேசையைச் சுற்றி வந்து குனிந்தான். என் காதில் அவன் தாடி உரசியது.

"போலின்னு சொல்லு."

"நீதானா?" என்றேன், மூச்சுக்குள்.

"சொல்லுடா. அவ நிக்கறதப் பாரு. சொல்லு."

ஜன்னலோரம் நோரீன் இரண்டு கையாலும் திரைச்சீலையைப் பற்றியிருந்தாள். முதுகு ஆடிக்கொண்டிருந்தது. "என்னன்னு சொல்லுங்க, மிஸ்டர் ப்ரூயிட்," என்றாள்.

பொய்யை அம்பலப்படுத்துகிறவன் என்று ஊரெல்லாம் மார்தட்டியவன் நான். அவள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். துணித்துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"போலிதாம்மா. கடைத் துணி," என்றேன்.

இடது தோளில் சுரீர் என்றது. பனிக்கட்டியை வைத்து அழுத்தின மாதிரி, சதுரமாக.

நோரீன் அழுதாள். அப்புறம் சிரித்தாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூடிய கையைத்தான் பிடித்தாள். பழுப்புச் சர்க்கரை போட்டுப் 'பை' என்கிற இனிப்பு அப்பம் சுட்டிருப்பதாகவும், சாப்பிடாமல் போகக் கூடாது என்றும் சொன்னாள். அவளுக்கு முட்டிச் சத்தமும் கேட்கவில்லை, வாடையும் தெரியவில்லை. நான் மூன்று வாய் சாப்பிட்டேன். மண்ணாகத்தான் இறங்கிற்று.

வெளியே என் வண்டி வரைக்கும் ஹோபர்ட் கூடவே வந்தான். தோளை நான் தடவுவதைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"பெட்டிய மூடறதுக்கு முன்னால தம்பிகூட ஒரு நிமிஷம் தனியா இருக்கணும்னு கேட்டேன்," என்றான். "எல்லாரும் வெளிய போய்ட்டாங்க. பொத்தானக் கழட்டி உருவிட்டேன். கை வெறச்சுப் போயிருந்துச்சு. அவன ஒருக்களிச்சுத் திருப்ப வேண்டியிருந்துச்சு. அப்படியே விட்டு, மேல என் கோட்டப் போட்டு, பெட்டிய நானே மூடிட்டேன். மண்ணுக்குள்ள மக்கிப் போறதுல யாருக்கு என்ன லாபம், சொல்லு? இருபது வருஷம் அலமாரில வெச்சிருந்தேன். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. போன வருஷம் அந்த அட்டைக் கம்பெனிக்காரன்கிட்ட வித்தேன்."

"அவகிட்ட போய்ச் சொல்லு."

"சொல்றதா? என் அம்மா செத்தப்பகூட என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ அவ." கோட்டின் பொத்தானைக் கழற்றினான். "இங்க பாரு."

கோட்டுக்கு உள்ளே சட்டை முழுக்க ஓட்டைகள். நகமளவு சதுரங்கள், கத்தரியால் வெட்டிய மாதிரி நேர் ஓரத்தோடு. சட்டையில் எங்கெல்லாம் ஓட்டையோ, அங்கெல்லாம் தோலும் இல்லை. ரத்தம் வழியவில்லை. சிவப்பாக, ஈரமாக, காற்றுப் பட்டால் துடிக்கிற சதை.

"அட்டை வந்ததுலேர்ந்து தெனம் என்னைக் கேப்பா. இது நெசமா ஹோபர்ட், இது நெசமான்னு. போலின்னு நான் சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு போகும். தெரிஞ்சே சொல்றவனைத்தான் அவன் தொடறான்." பொத்தானை மறுபடி பூட்டினான். முதல்முறையாக அவன் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. "இன்னிக்கு நீ சொன்னே. இனிமே என்னைக் கேக்க மாட்டா. நிபுணர் நீதானே."

அவன் கோட்டைப் பிடித்து உலுக்கினேன். என்னைத் தள்ளிவிட்டுவிட்டு, வேட்டைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான். நாய்ப்பயல். அவன் விஸ்கான்சினில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

ஓட்டலுக்குத் திரும்பி, கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றினேன். இடது தோளில் துணி இல்லை. துணிக்குக் கீழே தோலும் இல்லை. சதுரம் அளவெடுத்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஊர் வந்து மருத்துவரிடம் காட்டினேன். எதில் சுட்டுக்கொண்டாய் என்று கேட்டார். களிம்பு போட்டும் ஓரம்கூட ஆறவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நோரீன் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் ப்ரூயிட், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நேத்து ரோலின் கனவுல வந்தான். வெறும் உடம்போட நின்னான். குளுருதுன்னு சொன்னான். உன் சட்டை எங்கன்னு கேட்டேன், திரும்பிப் போயிட்டான். நீங்க அன்னைக்குச் சொன்னது நெசம்தானே? தோண்டிப் பாக்க வேண்டாம்தானே?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன? அவள் குழியைத் தோண்டுவாள். கோட்டை விலக்குவாள். உரித்தவன் யாரென்று தெரிந்துகொள்வாள். ஒருக்களித்தபடி இருபத்திரண்டு வருஷம் கிடந்தவனைப் பார்ப்பாள்.

"போலிதான், நோரீன்," என்றேன்.

முதுகெலும்பின் மேல் சுரீர் என்றது. போனைக் கீழே போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்பாடா," என்றாள் அவள். "உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை வருது. நாளைக்கும் கூப்பிடட்டுமா?"

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன சமைத்தாள் என்று சொல்கிறாள். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். நானும் சொல்கிறேன். இதை எழுதும்போது முதுகு நாற்காலியில் படாமல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். சாய்வதற்கு இடமில்லை.

மணி பத்து. போன் அடிக்கிறது.

பின்னால், முழங்கால் சொடுக்க, யாரோ குந்தி உட்காருகிறார்கள்.