பதினோரு மணிக்குள் ஒரு முகவரி

போன் அலறியது.

டெர்லிஸ் எடுத்தான். என்கர்னாசியோன் நகரின் சின்னப் பத்திரிகை ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். இதுவரை அவன் சந்தித்த பெரிய ஆபத்து, பிரிண்டரில் சிக்கிய காகிதம்.

"போலீஸ் கமிசார் ஒவேலார் பேசறேன். துறைமுகக் குமாஸ்தா அடிபட்டு ஐ.சி.யூ.ல கிடக்கான். பதினோரு மணிக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றேன். எங்கயும் போயிடாத."

மணி பத்தரை.

கடத்தலைப் பற்றிப் பத்திரிகையின் நிருபருக்கு ரகசியமாகத் தகவல் தந்தவன் அந்தக் குமாஸ்தா. அவன் பெயர் நிருபரின் மெயிலில் மட்டுமே இருந்தது. யாரோ நிருபரின் லினக்ஸ் கம்ப்யூட்டரில், எந்த இணையப் பக்கம் எங்கே என்று வழிகாட்டும் டி.என்.எஸ். முகவரியை மாற்றி, மெயிலுக்குப் பதில் ஒரு போலிப் பக்கத்தைத் திறக்கவைத்து, பாஸ்வேர்டைக் கறந்திருந்தார்கள்.

அதை மாற்ற, கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் தரும் ரூட் பாஸ்வேர்டு வேண்டும். டெர்லிஸுக்கு மட்டுமே தெரியும். போலீஸிடம் இதை எடுத்துச் சொன்னவர் எடிட்டர் நீமியா மேடம்.

டெர்லிஸ் நிருபரின் கம்ப்யூட்டரில் அந்த முகவரி இருக்கும் கோப்பைத் திறந்து, சரியான முகவரியைத் தட்டினான். சேமித்தான். இணைப்பை அணைத்துப் போட்டான்.

மீண்டும் அதே திருட்டு முகவரி...

மறுபடி தட்டினான். மறுபடி மாறியது. மூன்றாவது தடவை புனித பிளாஸை வேண்டிக்கொண்டு தட்டினான். புனிதருக்கும் லினக்ஸ் தெரியவில்லை.

பத்து நாற்பத்தைந்து.

சட்டென்று தலையில் அடித்துக்கொண்டான். கழுதை! ஒவ்வொரு முறை இணையும்போதும் லினக்ஸ், இணையத்தைத் தரும் ரவுட்டரிடம் முகவரி கேட்கிறது. ரவுட்டர் சொல்வதை இந்தக் கோப்பின் மேலேயே எழுதிவிடுகிறது. ரூட் பாஸ்வேர்டே தேவையில்லை. திருடன் கைவைத்தது ரவுட்டரில்!

அது இருப்பது எடிட்டரின் அறையில்.

ஓடினான். ரவுட்டரின் பதிவைத் திறந்தான். முகவரி மாறிய நேரம்... திங்கள் காலை 10.12. அந்த அறையிலிருந்த கேபிள் வழியாக.

பதினொன்றுக்கு கமிசார் வந்தார். டெர்லிஸ் எல்லாவற்றையும் சொன்னான். நீமியா அசரவில்லை. பகலில் அந்த அறையைப் பூட்டுவதே இல்லை, யாரும் நுழையலாம் என்றார்.

"திங்கக்கெழம அந்நேரம் எல்லாரும் முற்றத்துல தெரெரே குடிச்சிட்டிருந்தோம். நானும் கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

மற்றவர்களைக் கேட்டார்கள். கால்பந்தைப் பற்றிய வாக்குவாதத்தில் யார் இருந்தார், யார் எழுந்து போனார் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

கமிசார் டெர்லிஸிடம் திரும்பினார். "நீ எங்கப்பா இருந்த?"

"ஊத்திக்கிட்டு இருந்தேன் சார்."

கமிசாரின் புருவம் உயர்ந்தது. தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்துக்கு ஒரே குவளை; ஊற்றுகிறவனும் ஒருவனே. வரிசையாக ஒவ்வொருவரிடமும் கொடுத்து, வாங்கி, அடுத்தவருக்கு நிரப்புவான். நன்றி என்றால் போதும் என்று அர்த்தம்; சொன்னவருக்கு மறு சுற்று கிடையாது.

"மத்த அஞ்சு பேருக்கும் கடைசி வரைக்கும் ஊத்தினேன். மேடம் முதல் சுத்துலயே நன்றி சொல்லிட்டு எழுந்து போனாங்க. நாப்பது டிகிரி வெயில்ல ஒரே குவளையோட நிறுத்தறாங்களே... உடம்பு சரியில்லையோன்னு கவலப்பட்டேன்."

நீமியா நாற்காலியில் சரிந்தார்.

"கடத்தல்ல என் தம்பியும் இருக்கான். தகவல் கொடுத்தது யாருன்னு தெரிஞ்சா பேசி சரிக்கட்டிடறேன்னான்... அடிப்பான்னு நெனைக்கல."

தன்னை உள்ளே தள்ளப் பார்த்தவருக்கு டெர்லிஸே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அவரை அழைத்துப்போன கமிசார் வாசலில் திரும்பினார்.

"எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர்லயும் இதேதாம்பா தொல்லை. சாயங்காலம் வந்து பாரேன்."

"வர்றேன் சார். திரும்பிப் போகவும் விடுவீங்கல்ல?"