ஏழாம் அறைக் காவல்

அன்று காலை கட்டிலை விட்டு இறங்கியபோது அவனுக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. படுத்து எழுந்தவனின் வலி இல்லை அது, நாள் முழுக்க நின்றவனின் வலி. பாதம் வீங்கிச் செருப்பு நுழைய மறுத்தது. ராத்திரி பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

சமையலறையில் மனைவி பாத்திரங்களை இறக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

"ராத்திரி என்னங்க அது கூத்து?"

"எது?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. ரூம் கதவை மறிச்சுக்கிட்டு நின்னீங்களே! பாத்ரூம் போகணும், வழி விடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். மரம் மாதிரி நிக்கிறீங்க. கண்ணு வேற திறந்தே இருக்கு. விடியிற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் முறைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆனால் குளிக்கப் போனபோது வலது தோள்பட்டையில் விரல் அகலத்துக்கு ஒரு சிவந்த தடம் இருந்ததைப் பார்த்தான். கனமான எதையோ வாரில் மாட்டித் தொங்கவிட்டவனுக்கு விழும் தடம். சோப்புப் போட்டபோது எரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

கனவு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. எப்போதும் ஒரே கனவுதான். நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை முதலில் வரும், ஈர நாயின் வாடை மாதிரி. பிறகு தோளில் துப்பாக்கியின் கனம். பிறகு, முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு. அவன் அந்தக் கதவுக்குக் காவல் நிற்கும் சிப்பாய். முகம் தெரியாத ஒரு அதிகாரி, கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டே, தான் திரும்பி வந்து உத்தரவு கொடுக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்று ஏதோ ஒரு பாஷையில் சொல்வான். அந்தப் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் புரியும்.

இதை வேலை இடத்தில் வாய்விட்டுச் சொன்னதுதான் அவன் செய்த தப்பு. அது ஒரு ஆப்பிள் கிடங்கு. அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன் வாயை மூடாமல் பேசுவான் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். கனவைக் கேட்டதும் ரேடியோ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

"அண்ணே, உங்க விலாவுல வட்டமா ஒரு மச்சம் இருக்குல்ல? போன ஜென்மத்துல குண்டு பாஞ்ச இடம் அதுதான். நான் எத்தனை படிச்சிருக்கேன் தெரியுமா? நீங்க சோல்ஜர்ணே. சந்தேகமே இல்ல."

"போடா, வேலையைப் பாரு."

சொன்னானே தவிர உச்சி குளிர்ந்துதான் போனது. மறுநாளிலிருந்து கிடங்கு முழுக்க அவன் "ஜெனரல்". மேனேஜர்கூட "என்னய்யா ஜெனரல், சாப்பிட்டாச்சா?" என்றார். பதினாலு வருஷமாகக் கிடங்கில் அறைக் கதவுகளைச் சாத்திக்கொண்டிருந்த ஆளை யாராவது இப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்களா? கூன் விழுந்த முதுகு நிமிர்ந்தது. இராத்திரி எப்போது வரும் என்று காத்திருந்து படுத்தான். முன்பெல்லாம் கனவு வந்தால் உதறிக்கொண்டு எழுபவன், இப்போது எழாமல் உள்ளேயே இருந்து பார்த்தான். இன்னும் கொஞ்ச தூரம். இன்னும் கொஞ்சம்.

கனவும் இடம் கொடுத்தது. தினமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சிப்பாய் என்றால் சண்டை வரும், குதிரை வரும், கொடி வரும் என்று எதிர்பார்த்தான். எதுவும் வரவில்லை. வெறும் நிற்பதுதான். பனி பெய்தது, நின்றான். இருட்டியது, நின்றான். ஒருநாள் முதுகுக்குப் பின்னால், கதவின் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு தட்டல் கேட்டது.

அது ஒரு கை இல்லை. நிறையக் கைகள். உள்ளங்கையால் அடிப்பவை, முட்டியால் இடிப்பவை, நகத்தால் பிறாண்டுபவை. நடுவில் மிகத் தாழ்வாக, அவனுடைய முழங்கால் உயரத்தில், ஒரு சின்னத் தட்டல். அவன் திரும்பவில்லை. உத்தரவு வரவில்லை. அடுத்த ராத்திரி தட்டல் குறைந்தது. அதற்கடுத்த ராத்திரி ஒரே ஒரு கைதான் தட்டியது, நிதானமாக, யாரோ தூக்கத்தில் தட்டுவது மாதிரி. பிறகு அதுவும் நின்றது. பனி விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி கடைசிவரை திரும்பி வரவே இல்லை.

அன்று விழித்தபோது அவனுக்கு அழுகை பொங்கியது. ஜெனரலாம், சோல்ஜராம்! இவ்வளவு நாள் நெஞ்சை நிமிர்த்தியது இதற்குத்தானா? அவன் ஒரு உயிரையும் காப்பாற்றவில்லை, ஒரு தோட்டாவும் சுடவில்லை. நின்றான். அவ்வளவுதான் அவன் செய்தது.

எழ முயன்றபோதுதான் தெரிந்தது, அவன் கட்டிலில் இல்லை. படுக்கையறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து ஹாலில் நின்றுகொண்டிருந்தான். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிக் கன்றிப்போயிருந்தது.

"தண்ணி குடிக்கப் போறேன்னு உங்க கைக்குக் கீழ புகுந்தேன்," என்றாள் மெதுவாக. "கையை முறுக்கி உள்ள தள்ளிட்டீங்க. தள்ளிட்டுச் சாத்திட்டீங்க. நான் தட்டிக்கிட்டே இருந்தேங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டதே! எல்லாம் கேட்டதே!

"நீ உங்க அக்கா வீட்டுக்குப் போ. ராத்திரி அங்கேயே படுத்துக்கோ."

"ஜெனரல் உத்தரவா?" என்று கிண்டல் செய்யப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. அவனுக்கு இருந்தது அந்த ஒரே கவலைதான். அவளுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. சாயங்காலம் அங்கிருந்து நேரே அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, தனியாக வந்து படுத்தான். அன்று கனவு வரவில்லை. மறுநாளும் இல்லை. எட்டு ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். கால் வலியும் போய்விட்டது. ஒன்பதாம் நாள் காலை, ஒருவழியாகத் தொலைந்தது சனியன் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

அன்றைக்குத்தான் ஏழாம் அறையைச் சாத்த வேண்டியிருந்தது.

ஆப்பிள் கிடங்கில் அறையைச் சாத்துவது வீட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி இல்லை. பழம் ஆறு மாதம் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் அது மூச்சு விடக் கூடாது. ஆகவே அறை நிறையப் பழப்பெட்டிகளை அடுக்கி, கதவின் ரப்பர் விளிம்பை அழுத்தி, சுற்றிலும் பன்னிரண்டு திருகுகளை முடுக்கி, உள்ளே இருக்கும் நல்ல காற்றைத் தள்ளிவிட்டு வேறு வாயுவை நிரப்புவார்கள். அந்தக் காற்றில் தீக்குச்சி எரியாது. எலி பிழைக்காது. அது பழைய கட்டிடம் என்பதால் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியும் கிடையாது. பழத்தைப் பார்க்கக் கதவில் முகம் உயரத்துக்கு ஒரு சாண் கண்ணாடி இருந்தது, அதன் மேல் ஒரு தகர மூடி. சாத்தினால் ஆறு மாதம் கழித்துத்தான் திறப்பு.

எனவே அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதவுக்காரன் அறையின் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்று "ஆள் இருக்கா?" என்று மூன்று தரம் குரல் கொடுப்பான். திருகுகளை முடுக்கியதும் மேனேஜர் "உள்ளே?" என்பார். "யாருமில்ல" என்று கதவுக்காரன் சொன்னால் வாயு திறக்கும். அவன் சொன்ன பிறகு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பதினாலு வருஷத்தில் இரண்டு பேரை அவன் உள்ளேயிருந்து இழுத்து வந்திருக்கிறான், ஒருவன் பெட்டிகளுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் வார்த்தைக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை.

மத்தியானம் மூன்று மணி. முற்றத்து வெயில் கண்ணைக் கூச வைத்தது. மனைவி அங்கே பழம் பிரிக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். பார்வைக்கான பழங்களை வலைப்பையில் போட்டுக் கண்ணாடிக்கு அருகே தொங்கவிடுவது அவள் பொறுப்பு. பையைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து அறைக்குள் போகும்போது, "இன்னிக்கு வீட்டுக்கு வந்துடறேங்க. அக்கா வீட்டுல கொசு பிச்சு எடுக்குது," என்றாள்.

"சரி, வா," என்றான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அறையின் கடைசிவரை போய்த் திரும்பினான். வாசலில் நின்றான். பழத்தின் இனிப்பு வாசனையும் மரப்பெட்டியின் வாசனையும் குளிரில் கலந்து வந்தன.

"ஆள் இருக்கா?"

"இருக்கேன், இருக்கேன்!" அவள் குரல்தான். கதவோரப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து. "கயிறு அவிழ்ந்துக்கிச்சு. ரெண்டே நிமிஷம்."

"ஆள் இருக்கா?"

"அதான் சொன்னேன்ல! காது அடைச்சுப்போச்சா?" சிரித்தாள்.

அப்போது வாடை வந்தது. நனைந்த கம்பளி.

அவன் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. முற்றத்தில் வெயில் அடித்தது, ரேடியோவின் வண்டி பின்வாங்கும் மணிச் சத்தம் கேட்டது, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தோளில் மட்டும் கனம் ஏறியது. மூன்றாம் தரம் கூப்பிட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. கைதான் நகர்ந்தது. விளக்குச் சுவிட்சை அணைத்தது.

"ஐயோ, லைட்டை ஏங்க..."

கதவைச் சாத்தியது. ரப்பர் அழுந்தும் சத்தத்தோடு அவள் குரல் அறுந்தது.

திற. திறடா. அவன் தனக்குத்தானே கத்தினான். கை முதல் திருகை முடுக்கியது. இரண்டாவதை முடுக்கியது. பதினாலு வருஷப் பழக்கம், ஒன்றைக்கூட விடவில்லை. பன்னிரண்டையும் முடித்தது. பிறகு உடம்பு திரும்பி, கண்ணாடியை மறைத்து, கதவுக்கு முதுகைக் கொடுத்து, குதிகால் சேர்த்து நின்றது.

முதுகில் தட்டல். சட்டையின் வழியாகத் தெரிந்தது.

மேனேஜர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குக் கேட்காது. ஒரு முழம் தடிமன் சுவர், பக்கத்திலேயே இயந்திரத்தின் இரைச்சல்.

"உள்ளே?"

இருக்கிறாள். சார், இருக்கிறாள்.

"யாருமில்ல."

அவன் குரல்தான். தெளிவாக, கொஞ்சம் சத்தமாகக்கூட இருந்தது.

"உன் வீட்டம்மா எங்கய்யா? கையெழுத்துப் போடாம போயிடுச்சு."

"அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டா."

"சரி, நாளைக்குப் போடட்டும்."

ரேடியோ வண்டியில் கடந்தபடி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். "ஜெனரல் நிக்கிற அழகைப் பாருங்க சார்!" எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் வாயுவைத் திறந்தார். குழாய் சீறியது. டீ குடிக்கப் போனார்கள்.

அவன் நின்றான்.

முதுகில் இரண்டு கை. உள்ளங்கை. பிறகு முட்டி.

கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை. யாராவது வந்து சொல்லுங்கள். திற என்று ஒருத்தர் சொன்னால் போதும். இதோ திறந்துவிடுகிறேன். யாராவது.

யாரும் வரவில்லை. வெயில் முற்றத்தை விட்டு மெல்ல இறங்கியது. முதுகில் இப்போது ஒரு கைதான். நிதானமாக.

பிறகு அதுவும் இல்லை.

உடம்பு தளர்ந்தது. அவனை விட்டது. அவன் சுழன்று திரும்பினான், தகர மூடியைத் தள்ளினான், அறை விளக்கைப் போட்டான், திருகில் கை வைத்தான். முதல் திருகே அசையவில்லை. அவ்வளவு இறுக்கமாக முடுக்கியிருந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. என்னங்க. மூச்சு பட்டுக் கண்ணாடியில் காசளவு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது, அதைவிடச் சின்னதாக.

"இதோ, இதோ வந்துட்டேன்மா, இதோ..."

அவள் அவனைப் பார்ப்பதை நிறுத்தினாள். பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல் மெல்லத் தலையைத் திருப்பினாள்.

அப்போதுதான் அவனும் பார்த்தான். கூரைவரை அடுக்கிய பெட்டிகளின் இடுக்குகளில், ஒருவரோடு ஒருவர் நெருக்கிக்கொண்டு அவர்கள் நின்றார்கள். கிழவர்கள், பெண்கள், முன்வரிசையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குழந்தை. எல்லோர் முகத்திலும் உறைபனி. ஒருவர்கூட அவனைப் பார்க்கவில்லை. குழந்தை கையை நீட்டி அவள் விரலைப் பிடித்தது. மற்றவர்கள் சற்று நகர்ந்து, நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள்.